ஏழாவது பெட்டியின் கொக்கி

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு மனசுக்குள் ஒரு நினைப்பு உண்டு, கண் டாக்டருக்கு அடுத்த ஆள் தான்தான் என்று. ஊர் அப்படி நினைப்பதில்லை. கண்ணாடிக் காலில் திருகு விழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள், குழந்தையின் பொம்மைக்குக் கை கழன்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கேட்டால், “உங்ககிட்டதானே பொடி ஸ்குரூடிரைவர் இருக்கு” என்பார்கள். எனக்கும் வேலை என்று வந்துவிட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது. மற்ற நேரங்களில் வாய்க்குக் குறைச்சல் இல்லை. அந்த வாயால்தான் இவ்வளவும் வந்தது.

தையலக்கா கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ரயில்வே யார்டுக்குப் பின்தெருவில் வீடு. கீழே தையல் மிஷின், மேலே ஒரு தகரக் கூரை அறை. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணாடியின் பவரைக் கூட்டிக்கொண்டு போவார். அன்றும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“தம்பி, ரயிலுக்குக் கொக்கி மாட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“எந்த ரயிலுக்குக்கா? ஸ்டேஷன்ல நிக்கிற ரயிலுக்கா? அதுக்கு உங்க வீட்டுலயே ஆள் இருக்காரே.”

அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் கொட்டினார். விரல் நகத்தைவிடச் சின்னதாகக் கறுப்பு உலோகக் கொக்கிகள். கூடவே மயிரிழைபோல வில்கம்பிகள்.

“அவர் மாடியில ஓட்டுற ரயிலுக்குத்தான். பழைய கொக்கியெல்லாம் பிளாஸ்டிக். காய்ஞ்சுபோய் ஒண்ணொண்ணா உடையுது. அந்த மாதிரி இப்ப வர்றதே இல்லையாம். பொண்ணு வெளிநாட்டுலேருந்து இதை அனுப்பியிருக்கா. இவர் தொட மாட்டேங்குறார். கை நடுங்குதாம். கை நடுங்குதா மனசில்லையான்னு எனக்குத் தெரியல.”

“விடுங்கக்கா. பொம்மைதானே. ரெண்டு வாரம் ஓடலைன்னா என்ன குடியா முழுகிடும்?”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“அந்தக் கடைசிப் பெட்டி மத்த பெட்டியோட சேர்ந்து போறதைக் கண்ணால பார்த்தாத்தான் தம்பி, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும். பார்த்துப் பதினாறு நாளாச்சு.”

அந்தத் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்தும் பொம்மை என்று சொன்னேனே என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயசு பத்தொன்பது, புத்தி மட்டும் ஏழெட்டு வயசோடு நின்றுவிட்டது. மாசத்துக்கு ஒரு தடவை அக்கா வீட்டுக்கு வருவான். நாலு ஸ்டேஷன் தள்ளியிருக்கிற ஊரில் அவர்கள் அப்பா வண்டியில் ஏற்றிவிடுவார். ஐந்து நாற்பது வண்டி அது. மொத்தம் ஏழு பெட்டி. முன்னால் ஏறு என்று எத்தனை தடவை சொன்னாலும் கடைசிப் பெட்டியின் கடைசி ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்வான். தண்டவாளம் பின்னால் ஓடுவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை. எங்கள் ஸ்டேஷனில்தான் அந்த ஏழாவது பெட்டியை மட்டும் கழற்றி, வேறு இன்ஜினில் மாட்டித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். மற்ற ஆறும் நேரே போய்விடும். வழக்கமாகப் பெட்டியைக் கழற்றுகிறவர் அக்காவின் புருஷன்தான். கழற்றும் முன் ஜன்னலைத் தட்டி மச்சினனை இறக்கிவிட்டுத்தான் கொக்கியில் கை வைப்பார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் சின்னவன் இறங்கவில்லை. பெட்டி அவனோடு போய்விட்டது. துறைமுகத்தில் போய் நின்றபோது பெட்டியில் அவன் இல்லை. நடுவில் மூன்று ஸ்டேஷன். எங்கே இறங்கினான், யார் பின்னால் போனான் என்று இன்றுவரை தெரியாது. அக்காவும் புருஷனும் நாலு மாசம் அந்தப் பாதை முழுக்க நடந்து தேடினார்கள்.

அன்று தனக்குக் காய்ச்சல் என்றும், ஓய்வறையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டதாகவும், தனக்குப் பதில் விசிலு போய்க் கழற்றியதாகவும் புருஷன் சொன்னார். விசிலு அவரோடு வேலை பார்த்தவர். வாயில் விரல் வைக்காமலே விசிலடிப்பார், அதனால் அந்தப் பெயர். எதிர் வரிசையில் பச்சை கேட் வீடு. அக்கா நடுத்தெருவில் நின்று, “ஒரு புள்ளை தூங்குறானான்னு எட்டிப் பார்க்க உனக்குக் கண்ணில்லாமப் போச்சா? உன் குடும்பம் விளங்குமா?” என்று கத்தியதை என் அப்பா பார்த்திருக்கிறார். விசிலு தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அதற்கப்புறம் அவர் விசிலடித்து யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் முன்னால் அவர் செத்தபோது அக்கா வீட்டு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அந்த வீட்டுத் துணிக்கு ஒரு பொத்தான்கூட அக்கா கையால் தைத்தது கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. கடையைச் சாத்திவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பொடி ஸ்குரூடிரைவர்கள், சின்ன இடுக்கி, கண்ணில் செருகும் லென்ஸ். அக்கா மிஷினை விட்டு எழுந்து வந்து குடையை வாங்கி மூலையில் சாய்த்தார்.

மாடிப்படி செங்குத்து. அறை முழுக்க ஒரே பலகை, அதைச் சுற்றி ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் இடம். பலகையின்மேல் எங்கள் ஸ்டேஷன் அப்படியே இருந்தது. பிளாட்பாரம், கடிகாரம், தகரக் கூரை, தண்ணிக் குழாய், சிக்னல் கம்பம், யார்டு. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பொடி ஜல்லியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். வேலை பார்த்த மனுஷன் ஒவ்வொன்றையும் காலடியால் அளந்து வந்து செய்திருக்கிறார். கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அந்தச் சின்ன ஸ்டேஷனிலும் மழை பெய்கிறது என்று தோன்றியது.

கப்ளிங்காரர் என்றுதான் அக்காவின் புருஷனை ஊரில் சொல்வார்கள். முப்பத்து மூன்று வருஷம் இரண்டு பெட்டிக்கு நடுவே புகுந்து இரும்புக் கொக்கியைத் தோளால் தூக்கிக் கழற்றியவர். இடது தோள் இறங்கியே இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து என்னையும் கருவிப் பெட்டியையும் பார்த்தார்.

“எதுக்குத் தம்பி மழையில இவ்வளவு சிரமம்? நூல் போட்டு இறுக்கிக் கட்டினாப் போதும்.”

“நூல்தான் வளைவுல அறுந்துடுதே. நாலு தடவை கட்டியாச்சு” என்றார் அக்கா.

“பழைய மாதிரி கொக்கி எங்கயாவது கிடைக்கும். தேடிக்கலாம்.”

“பதினாறு நாள் தேடினது போதும். நீங்க பாருங்க தம்பி.”

அவர் கட்டிலில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

வேலை கண்ணுக்கு வேலை, இடுப்புக்கும் வேலை. பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். கவிழ்த்துத் துணிமேல் படுக்கவைத்து, சக்கரக் கட்டையைக் கழற்றி, உடைந்த பிளாஸ்டிக் கொக்கியைச் சுரண்டி எடுக்க வேண்டும். புதுக் கொக்கி ஒரு சின்னக் கூட்டுக்குள் உட்காரும். பின்னால் வில்கம்பி, மேலே மூடி, ஒரு திருகு. இரண்டு கொக்கியும் ஒன்றையொன்று சந்தித்தால், மடக்கிய விரலோடு மடக்கிய விரல் கோத்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். வழுக்கிக்கொண்டு அசைய எண்ணெய் விடக் கூடாது, பென்சில் கரியைச் சுரண்டிப் போட வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்கிற மனுஷன் இவ்வளவு விவரம் சொல்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன்.

மூன்றாவது பெட்டியில் ஒரு வில்கம்பி துள்ளி எங்கேயோ போனது. நானும் அக்காவும் நாலு காலில் தவழ்ந்து டார்ச் அடித்துத் தேடினோம். கடைசியில் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

“நல்லவேளை, டீ டம்ளர்ல விழலை” என்றார் அக்கா. “குடிச்சிருப்பீங்க. அப்புறம் உங்களைத்தான் ஏழாவது பெட்டிக்கு மாட்டணும்.”

அக்கா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஏழாவது பெட்டியைக் கவிழ்த்தபோது திருகுக்கு ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. மெழுகு வைத்து அடைத்து மேலே கறுப்பு பூசியிருந்தது. ஆறாவது பெட்டியின் பின்பக்கத்திலும் அதே மாதிரி.

“அண்ணே, இங்க முன்னாடியே யாரோ ஓட்டை போட்டிருக்காங்க.”

“கம்பெனியில போட்டதா இருக்கும்.”

“கம்பெனிக்காரன் மெழுகா வச்சு அடைப்பான்?”

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேலை மிச்சம் என்று ஊசியால் மெழுகைக் குடைந்து திருகை ஏற்றினேன். திருகு அந்த ஓட்டைக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது.

கொக்கிக்குக் கீழே ஒரு மெல்லிய இரும்புக் கம்பி வளைந்து தொங்கியது. “இது எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“காத்துக் குழாய் மாதிரி. சும்மா அழகுக்கு” என்றார், திரும்பாமலே.

மத்தியானம் அக்கா ரொட்டியும் வெங்காயம் போட்டு வதக்கிய முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். பலகை ஓரத்தில் வைத்துத்தான் சாப்பிட்டோம். கப்ளிங்காரர் ரொட்டியை டீயில் முக்கி, முக்கியதை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அது கரைந்து டம்ளருக்குள் விழுந்தது.

ஐந்து நாற்பதுக்கு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். கப்ளிங்காரர் சுவிட்சைத் திருகினார். வண்டி கிளம்பி வளைவில் போய், யார்டைச் சுற்றி, ஏழு பெட்டியும் ஒழுங்காகப் பிளாட்பாரத்துக்கு வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி சுவிட்சைத் திருகினார். ஆறு பெட்டி போனது. ஏழாவது அங்கேயே நின்றது.

அக்கா “அய்யோ” என்றார், ரொம்ப மெதுவாக.

“கொக்கி சரியா பிடிக்கலக்கா. இருங்க” என்று சேர்த்து மாட்டி, இழுத்துப் பார்த்து மறுபடி விட்டேன். வளைவில் பிரியவில்லை. ஓட்டத்தில் பிரியவில்லை. பிளாட்பாரத்தில் நின்று கிளம்பும்போது அதே இடத்தில் ஏழாவது பெட்டி மட்டும் கையை விட்டுவிட்டு நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே. மூக்குடைபட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. நான் காலையிலேயே போய்விட்டேன். அட்டையில் உயரம் அளக்க ஒரு துண்டு வெட்டி எல்லாக் கொக்கியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். ஏழாவது பெட்டியின் கொக்கியை மாற்றி வேறொன்றைப் போட்டேன். அப்புறம் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். ஏழாவது பெட்டியை மூன்றாவதாகவும் மூன்றாவதைக் கடைசியாகவும் வைத்து ஓட்டினேன். கடைசியில் நின்றது எதுவோ, அதுதான் கழன்றது. அப்படியானால் குற்றம் பெட்டியில் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

சாயங்காலம் அக்கா டீ கொண்டுவந்தார். தட்டில் நாலு டம்ளர் இருந்தது.

“நாலாவது யாருக்குக்கா?”

அவர் ஒரு டம்ளரை எடுத்துப் பலகை ஓரத்தில், கழன்று நின்ற பெட்டிக்கு நேராக வைத்தார். டம்ளரின் ஆவி அந்தச் சின்ன ஜன்னல்களில் படிந்தது.

“நீங்க எந்தக் கொக்கி மாட்டினாலும் பிடிக்காது தம்பி. அவன் இறங்குறான். அன்னைக்கு இறங்கலையில்ல, இப்ப இறங்குறான். நேத்து ராத்திரியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.” பெட்டி பக்கம் குனிந்தார். “சின்னவா, மழையா இருக்குடா. நனையாம வா.”

பேய் பிசாசு என்றால் கேலி பேசுகிறவன் நான். அந்த நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். அக்காவின் முகத்தில் பயம் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் முகம்போல இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இந்த வயசில் இந்த அம்மாள் ஒரு காலிப் பெட்டியோடு பேசிக்கொண்டு கிடக்கப்போகிறாரே, அதற்கு என் அரைகுறை வேலை காரணமாகிவிட்டதே என்று இருந்தது.

லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன்.

“விடு தம்பி” என்றார் கப்ளிங்காரர். குரல் சரியில்லை. “அவ அப்படியே நினைச்சுக்கட்டும். நீ அதுல கை வைக்காதே.”

“அப்படி விட முடியாதுண்ணே. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.”

“சொன்னாக் கேளு. விடு.”

நான் கேட்கவில்லை. கொக்கிக்குக் கீழே தொங்குகிற கம்பியை நிமிர்த்தலாம் என்று பொடி ஸ்குரூடிரைவரைத் தண்டவாளத்துக்கு நடுவே இறக்கினேன். என் விரலைக் கேட்காமல் அது தானாகவே திரும்பி, ஜல்லியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வர மாட்டேன் என்றது.

ஐந்து நிமிஷத்தில் ஜல்லியைச் சுரண்டி வெளியே எடுத்துவிட்டேன். இரண்டு தீக்குச்சி நீளத்துக்கு ஒரு காந்தப் பட்டை.

“அக்கா! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காந்தம்!” நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். “இந்தக் கம்பி அழகுக்கு இல்லக்கா. வண்டி நிக்கும்போது காந்தம் ரெண்டு கம்பியையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துடுது. விரல் விரிஞ்சு பிடி விட்டுப்போயிடும். ஓடும்போது இறுக்கமா இருக்கும், விடாது. நின்னாத்தான் விடும். கடைசிக் கொக்கி சரியா இது மேல வந்து நிக்கிற மாதிரி அளந்து புதைச்சிருக்கு. பழைய பிளாஸ்டிக் கொக்கிக்கு இது ஒண்ணும் பண்ணாது, அதனாலதான் இத்தனை வருஷம் தெரியல. எவ்வளவு நுணுக்கமான வேலை தெரியுமா?”

அக்கா காந்தத்தை வாங்கவில்லை. பலகையில் இருந்த குழியைப் பார்த்தார். தண்ணிக் குழாய்க்கு நேராக இருந்தது அந்தக் குழி.

“யார் வச்சது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறைக்குள் யார் வந்து வைக்க முடியும்? மெழுகு அடைத்த ஓட்டை ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் இதே மாதிரிக் கொக்கியை இதே பெட்டியில் எப்போதோ மாட்டிப் பார்த்திருக்கிறார். ஓட்டியும் பார்த்திருக்கிறார். பிறகு கழற்றி எறிந்துவிட்டு, ஒருநாளும் கழலாத பழைய கொக்கியைப் போட்டிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன், காரியம் கெட்ட பிறகு.

“நான்தான்” என்றார் அவர். “பதினொரு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை ஓட்டினேன். அப்புறம் முடியல.”

“கடிகாரத்துக்கு எதிர்லதானே எப்பவும் கழட்டுவீங்க? நான் எத்தனை நாள் சோறு கொண்டுவந்து பார்த்திருக்கேன். இங்க எதுக்கு வச்சீங்க, குழாய்க்கிட்ட?”

“அன்னைக்கு மழை. பிரேக் பிடிக்காம வண்டி வழுக்கித் தள்ளி நின்னுச்சு.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்க ரூம்ல போர்த்திப் படுத்திருந்தீங்க” என்றார் அக்கா. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். “விசிலு வந்து சொன்னாரா, வண்டி தள்ளி நின்னுச்சுன்னு?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் தப்பிக்க அக்கா ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், அக்கா நம்பியிருப்பார். நம்பத் தயாராக நின்றார். நான்கூட மனசுக்குள், சொல்லுய்யா, ஆமான்னு சொல்லு என்று வேண்டிக்கொண்டேன்.

“இல்ல” என்றார் அவர். “விசிலு அங்கயே இல்ல.”

அக்கா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டிருந்தான். வாயைத் திறந்துக்கிட்டு. தட்டறதுக்குக் கையைத் தூக்கிட்டேன். தட்டியிருந்தா எழுந்திருப்பான். எழுந்தா வீட்டுக்கு வருவான். வந்தா பத்து நாளைக்கு ராத்திரி பூராப் பாடுவானே. ஒரு அறை வீடு நமக்கு அப்ப. எனக்கு நாலு நாள் தொடர்ந்து டூட்டி. காய்ச்சல் வேற. காய்ச்சல் நிஜம், அது பொய்யில்ல. துறைமுகத்துல பார்த்துக் காலை வண்டியில திருப்பி அனுப்பிடுவாங்க, எல்லாருக்கும் அவனைத் தெரியும்னு நினைச்சேன். ஒரு ராத்திரி தூங்கிக்கலாம்னு நினைச்சேன். ஒரே ஒரு ராத்திரி. கையைக் கீழ போட்டேன். கொக்கியைத் தூக்கினேன்.”

“விசிலு?”

“மறுநாள் அவன் கால்ல விழுந்தேன். இனி உன் முகத்தை என்னால பார்க்க முடியாதுன்னு அவன்கிட்ட அழுதேன். நாலு நாள்ல பையன் கிடைச்சுடுவான், அதுவரைக்கும் கழட்டினது நான்னே இருக்கட்டும்னு சொன்னான். பையன் கிடைக்கல. அவனும் மாத்திச் சொல்லல.”

அக்கா அழுவார், கத்துவார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. நாலாவது டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார். “ஆறிப்போச்சு. அந்தப் பக்கம் வைங்க தம்பி” என்றார். வாங்கி வைத்தேன்.

“காந்தத்தை இருந்த இடத்துலயே வைங்க.”

“அக்கா, நான் வேணா...”

“வைங்கன்னேன்.”

வைத்தேன். பெட்டியைப் பெட்டியோடு சேர்த்தேன்.

“வண்டியை விடுங்க” என்றார் புருஷனிடம். மணி ஐந்து நாற்பதா என்று நான் பார்க்கவில்லை. அவர் எழுந்து வந்து சுவிட்சைத் திருகினார். ஏழு பெட்டியும் யார்டைச் சுற்றி வந்து நின்றது. தண்ணிக் குழாய்க்கு நேராகக் கடைசிக் கொக்கி. மறுபடி திருகினார். ஆறு போனது. ஒன்று நின்றது.

“இப்ப எழுப்புங்க.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“அன்னைக்கு எழுப்பலையில்ல? இப்ப எழுப்புங்க. நான் கேட்கணும்.”

அவர் குனிந்தார். இறங்கிய தோள் இன்னும் இறங்கியது. அந்தச் சின்ன ஜன்னலை ஒரு விரலால் தட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“சத்தமா.”

“சின்னவா” என்றார். “டேய் சின்னவா. எழுந்திருடா. ஊர் வந்துடுச்சு.”

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு படியிறங்கிப் போனார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. குடையை எடுக்கவில்லை.

ஆறு பெட்டி வண்டி சுற்றிக்கொண்டு வந்து, கழன்று நின்ற பெட்டியைப் பின்னாலிருந்து இடிக்கப் போனது. அவர் கவனிக்கவில்லை. நான் எட்டிச் சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அக்கா மழையில் தெருவைக் கடந்து பச்சை கேட்டுக்கு முன்னால் நின்றார். தாழ்ப்பாளில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இருபத்தாறு வருஷம் அந்தக் கேட்டைத் தாண்டாத கைக்கு அது எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து விசிலு வீட்டம்மா வந்து திறந்தார். இரண்டு பேரும் நனைந்துகொண்டே எதிரெதிரே நின்றார்கள். அக்காவின் வாய் அசைவது தெரிந்தது. அந்த அம்மாள் உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை, கேட்டைச் சாத்தவும் இல்லை.

எனக்குப் பின்னால் அவர் இன்னும் நிறுத்தவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, ஜன்னலோடு முகத்தை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எழுந்திருடா ராஜா. இறங்கிடு. அக்கா வீட்டுல காத்துட்டிருக்கா.”